டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம்

கண் முன்னால் ஒரு தவறு நடக்கிறது. பார்க்கிறீர்கள். வாய் திறக்கவில்லை. அந்தத் தவறில் உங்கள் பங்கு எவ்வளவு?

போன மாதம் வரை இந்தக் கேள்வியை நான் அடுத்தவர்களிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். “தப்பைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் சீனியர் என்றாலும் சொல்லுங்கள்” என்பேன். கைதட்டல்கூட விழும். இப்படி ஊருக்கெல்லாம் சொன்ன கேள்வி, ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கார் ஷெட்டுக்குள்ளேயே வந்து என்னைப் பார்த்து நின்றது.

குன்றத்தூரில் எங்கள் வீட்டுக்குக் கார் ஷெட் உண்டு. கார் கிடையாது. பல வருடங்களாக அங்கே துணிதான் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு காரின் எலும்புக்கூடு கிடக்கிறது... சேஸிஸ்.

கிட் கார் என்று ஒன்று இருக்கிறது. வெட்டிய இரும்புக் குழாய்கள், பாகங்களைத் தாங்க அவற்றின் மேல் பற்றவைக்க வேண்டிய பிராக்கெட்டுகள், ஒரு வரைபடம் — எல்லாம் பார்சலில் வந்துவிடும். அரிசி, பருப்பு, பாத்திரம் வரை அனுப்பிவைப்பார்கள். சமையல் நம் பாடு. இந்தச் சமையலுக்கு ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் கலா, என் கணவரின் தங்கை. லாரி சேஸிஸ் செய்யும் தொழிற்சாலையில் ஏழு வருடம் ஒப்பந்த வெல்டராக இருந்தவள். இன்னொருவர் டேனியல், எங்கள் மாடியில் குடியிருப்பவர். அதே தொழிற்சாலையில், அதே அசெம்பிளி லைனில் இன்னும் வேலை செய்பவர்.

நான் என்ன செய்தேன்? கவலைப்பட்டேன். வெல்டிங் வெளிச்சம் எதிர்வீட்டுப் பிள்ளைகளின் கண்ணைப் பாதிக்காதா? தார்ப்பாய் கட்டச் சொன்னேன். கிரைண்டர் சத்தம்? பகலில் மட்டும் என்று நேரம் வகுத்தேன். முறையான ஒப்புதல் இல்லாமல் இந்த வண்டி சாலையில் இறங்கலாமா? கூடாது, சொந்தக்காரர் ஒருவரின் காலி மனைக்குள் ஓட்டிப் பார்ப்பதோடு சரி என்று இருவரிடமும் வாக்குறுதி வாங்கினேன்.

“ஏன் மேடம், நாங்க இன்னும் டயரே வாங்கல. நீங்க அதுக்குள்ள ஆக்சிடெண்ட் கேஸு வரைக்கும் பூட்டீங்களே!” என்றார் டேனியல்.

ஆனால் கலாவுக்கு இது விளையாட்டு இல்லை. ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருந்த அவள், தண்டலம் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் பெண்களுக்கு வெல்டிங் கற்றுத்தரும் இன்ஸ்ட்ரக்டர் வேலைக்கு மனு செய்திருந்தாள். நேர்காணலில் மையத்தின் முதல்வர் அம்மா கேட்டிருக்கிறார்: “ஏழு வருஷம் என்ன பண்ணீங்க?”

“பிராக்கெட் வெச்சேன் மேடம்.”

“அப்புறம்?”

“அதே பிராக்கெட்தான் மேடம்.”

லைனில் அப்படித்தான். ஆளுக்கு ஒரு ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு ஒரு வேலை. முதல்வர் அம்மா யோசித்துவிட்டு, “முழுசா உங்க கையால செஞ்ச ஜாப் ஏதாவது இருந்தா காட்டுங்க. நானே வந்து பாக்கறேன்” என்றாராம். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. கலா காட்டப்போவது இந்தச் சேஸிஸைத்தான். அவளிடம் வேறு சாட்சி கிடையாது.

சனிக்கிழமை. சேஸிஸின் குழாய்ச் சட்டம் முழுவதும் பற்றவைத்தாகிவிட்டது, மிச்சம் பிராக்கெட்டுகள். வரைபடத்தைப் படிப்பது என் பொறுப்பு.

“ஸ்டீயரிங் பிராக்கெட், ஆர்ஹெச்” என்றேன். ரைட் ஹேண்ட், அதாவது வலப்பக்கம்.

“ஆர்ஹெச், ஓகே” என்றாள் கலா. கொண்டுபோய் இடப்பக்கம் வைத்தாள்.

நான் பார்த்தேன். நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் அல்லவா? வரைபடத்தை ஒரு முறை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். மறுபடி நேராக்கினேன். ஏழு வருடம் இதே வேலை செய்தவள் அவள்; சமூகப்பணி படித்தவள் நான். எனக்கு என்ன தெரியும்? தொண்டை வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அடுத்த வரியைப் படித்தேன்: “பெடல் பிராக்கெட், ஆர்ஹெச்.” அதுவும் இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது. நெருப்புப் பொறி பறந்தது. அழகான வெல்டிங்... அதில் மட்டும் குறையே சொல்ல முடியாது.

மறுநாள் காலை பத்து மணி. போட்டோ எடுக்கலாம் என்றார் டேனியல். வலப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, ஸ்டீயரிங்குக்குப் பதிலாக ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கலாவின் கையில் கொடுத்தார். ராணி மாதிரி உட்கார்ந்தாள். தட்டை முன்னால் நீட்டினாள். அதைப் பொருத்த வேண்டிய இடத்தில் வெறும் காற்று.

“டேனியலு... ஸ்டீயரிங் எங்கடா?”

“பக்கத்து சீட்டுல கீதுக்கா.”

டேனியல்தான் மெதுவாகத் தொடர்ந்தார்: “ஃபாரினுக்கு அனுப்பற மாடலாக்கா இது?”

கலா சிரிக்கவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். “நாலு மணிக்கு அவங்க வராங்க. இத்த காட்டிக்கினு, நான் பொண்ணுங்களுக்குச் சொல்லித் தரேன்னு இன்னா வாயால சொல்றது?”

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “நான் நேத்தே பாத்தேன் கலா” என்றேன்.

“பாத்தீங்களா? பாத்துட்டு இன்னா அண்ணி பண்ணீங்க?”

“பெடல் பிராக்கெட்டைப் படிச்சேன்.”

என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு, நல்லவேளை, சிரித்துவிட்டாள். டேனியல் விடுவாரா? “மேடம், எங்க கம்பெனிக்கு வந்து, தப்பைப் பாத்தா சொல்லுங்கன்னு கிளாஸ் எடுத்தது நீங்கதான?”

“நான்தான்.”

“நல்ல கிளாஸ் மேடம். சமோசால்லாம் குடுத்தாங்க.”

“நீ இன்னாடா பெரிய யோக்கியன்! நீயும் இங்கதான இருந்தே?” என்றாள் கலா.

டேனியல் தலையைச் சொறிந்தார். “நானும் பாத்தேன்க்கா. நீ ஏழு வருஷம் சர்வீஸு. சீனியர் வெச்சா காரணம் இருக்கும்னு கம்முனு இருந்துட்டேன்.”

தெரியாதவர் பேசாமல் இருந்தால் அடக்கம் என்கிறோம். தெரிந்தவர் பேசாமல் இருந்தால் மரியாதை என்கிறோம். எங்கள் ஷெட்டில் அடக்கமும் மரியாதையும் கைகோத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இடம் மாற்றிவிட்டன!

சரி, கைதேர்ந்த வெல்டருக்கு இடம் வலம் எப்படிக் குழம்பியது? கலாவே தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். “டர்ன் ஓவர்!” என்று கத்தினாள்.

அந்த லைனில் லாரியின் சட்டம் முதலில் குப்புறப் படுத்தபடிதான் வருமாம். பாதி வேலை முடிந்ததும் ஒரு பெரிய இயந்திரம் தோசையைப் புரட்டுவதுபோல் அதைப் புரட்டிப்போடும். அதுதான் டர்ன் ஓவர். கலாவின் ஸ்டேஷன் புரட்டுவதற்கு முன்னால், டேனியலுடையது பின்னால். குப்புறக் கிடக்கும் வண்டியின் வலப்பக்கம், அதன் முன்பக்கம் பார்த்து நிற்பவரின் இடது கைப்பக்கம் அல்லவா வரும்? ஏழு வருடமாக “ஆர்ஹெச்” என்ற சொல்லைக் கேட்டால் அவள் கை இடப்பக்கம்தான் போயிருக்கிறது. எங்கள் ஷெட்டில் சட்டம் நிமிர்ந்து கிடந்தது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

“இனிமே இந்த லெஃப்டு ரைட்டே வாணாம்” என்று கலா எழுந்தாள். “லாரிக்காரங்க சொல்ற மாதிரி டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம். வண்டி கவுந்து கெடந்தாலும் டிரைவர் டிரைவர்தான். அண்ணி, படிங்க!”

படித்தேன். அவள் பிராக்கெட்டுகளை கிரைண்டரால் அறுத்தெடுத்தாள். டேனியல் அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். “ஸ்டீயரிங் பிராக்கெட், டிரைவர் பக்கம்!” என்று நான் ஏலம் விடுகிறவளைப்போல் கூவ, அவர்கள் இருவரும் “டிரைவர் பக்கம்!” என்று திருப்பிக் கூவினார்கள். எதிர்வீட்டு அம்மா தார்ப்பாயை விலக்கி, “இன்னா, எலெக்‌ஷனா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இவ்வளவு சிரித்துக்கொண்டு வேலை செய்து எனக்குப் பழக்கமே இல்லை. மூன்றரை மணிக்கு எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன. இடப்பக்கக் குழாயில் மட்டும் தேய்த்த தடங்கள் பளபளத்தன.

“பெயின்ட் அடிச்சுடலாம்க்கா, தெரியாது” என்றார் டேனியல்.

“தெரியட்டும்டா” என்றாள் கலா.

முதல்வர் அம்மா சரியாக நான்கு மணிக்கு வந்தார். சுற்றிவந்து ஒவ்வொரு இணைப்பையும் குனிந்து பார்த்தார். பளபளத்த இடத்தில் விரல் நின்றது. “இங்கே என்ன?”

கலா ஒன்றுவிடாமல் சொன்னாள். டர்ன் ஓவர், இடது கை, சாப்பாட்டுத் தட்டு, எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. அந்தத் தடத்தை மறுபடி தடவிப் பார்த்தார்.

“அறுத்ததும் நீங்கதானா?”

“நான்தான் மேடம்.”

“குழாய்ல ஒரு கீறல்கூட விழலையே.”

“விழாது மேடம்.”

அந்த ‘விழாது’வில் இருந்த நிமிர்வை அதுவரை நான் கலாவிடம் கண்டதில்லை. முதல்வர் அம்மா புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டத்துக்குள் காலெடுத்து வைத்து, டிரைவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தட்டைக் கையில் வாங்கினார்.

“ஹார்ன் எங்கம்மா?”

“பாம்! பாம்!” என்றார் டேனியல்.

அவ்வளவுதான், அந்த அம்மாவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இறங்கும்போது, “புதன்கிழமை வந்து அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வாங்கிக்கோங்க” என்றார்.

இப்போது கலா தண்டலத்தில் இன்ஸ்ட்ரக்டர். அவள் வகுப்பில் ஒரே ஒரு விதி: யார் “நிறுத்து” என்று சொன்னாலும் வெல்டிங் நின்றுவிட வேண்டும். சனிக்கிழமைகளில் நானும் அங்கே போகிறேன், உபதேசம் செய்ய அல்ல, வெல்டிங் கற்றுக்கொள்ள. இதுவரை மூன்று முறை “நிறுத்து” என்று கத்தியிருக்கிறேன். இரண்டு முறை, தப்பு என்னுடையதுதான்.