தானாகத் திருந்திய பிழைகள்

பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் எழுதுவினைஞராக இருந்த கடைசி வருடம் அது. தவணைப் பரீட்சை முடிந்த கையோடு ஆங்கில ரீச்சர் வினாத்தாளும் கையுமாக அதிபரின் அறைக்குள் போனார். அதைக் கொம்பியூட்டரில் அடித்துக் கொடுத்தவள் நான் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

ஒரு பந்தியை வாசித்து அதில் பத்துப் பிழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது கேள்வி. பிள்ளைகள் நாலுக்கு மேல் காணவில்லை. மிச்சத்தைத் தேடி, சரியான சொற்களை வெட்டிக் கெடுத்திருந்தார்கள்.

ரீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் பிழையா எழுதிக் குடுத்ததை உவ வேணுமெண்டு திருத்தியிருக்கிறா, சேர். போன தவணையும் என்ரை கடிதத்திலை பிழை பிடிச்சவ."

கடிதத்தில் பிழை காட்டியது உண்மை. ஆனால் இதை எழுத்துக்கு எழுத்து அவர் எழுதியபடியேதான் அடித்தேன். கொம்பியூட்டருக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. நான் வீட்டுக்குப் போன பிறகு யாரோ கைவைத்திருக்க வேண்டும். ரீச்சரே மாற்றிவிட்டுப் பழியை என்மேல் போடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் கெட்ட பேரோடு போவதா?

அதிபர் எங்களைக் கொம்பியூட்டருக்குக் கூட்டிப்போய், ரீச்சரின் கையெழுத்துப் பிரதியை என் முன்னால் வைத்தார். "எங்களுக்கு முன்னாலை ஒருக்கா அடியுங்கோ."

நான் தாளைப் பார்த்தே அடித்துப் பழகியவள். திரையை நிமிர்ந்து பார்ப்பது குறைவு. அன்று மூன்று பேரும் திரையைத்தான் பார்த்தோம். 'ரிசீவ்' என்ற சொல்லில் ரீச்சர் வேண்டுமென்றே இரண்டு எழுத்துகளை முன்பின்னாக எழுதியிருந்தார். அப்படியே அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். எழுத்துகள் தாமாக இடம் மாறின. சின்ன எழுத்தில் தொடங்கிய கிழமையின் பெயர் பெரிய எழுத்தானது. இலக்கணப் பிழைகளை மட்டும் கொம்பியூட்டர் தொடவில்லை.

ரீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை. திரையைக் காட்டிக் கேட்டார்.

"அப்ப இதுவரை அடிச்சதுகளிலையும் உது கைவைச்சிருக்குமோ?"

அந்த வாரம்தான் பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைகளின் விடுகைப் பத்திரங்களை ஆங்கிலத்தில் அடித்து வைத்திருந்தேன். முதலில், எழுத்தைத் தானாகவே திருத்தும் ஓட்டோ கரெக்டை நிறுத்தினேன். பிறகு பத்திரங்களையும் அவற்றின் மூலப் பிரதிகளையும் எடுத்தேன். ரீச்சர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"நீங்கள் வாசியுங்கோ, நான் பாக்கிறன்."

புள்ளி விடாமல் இனிஷலையும் பெயரையும் சேர்த்தடித்த ஓரிடத்தில், பெயரின் முதலெழுத்தை அது சின்னதாக்கியிருந்தது. இனிஷல் பெயரோடு ஒட்டி, அந்தப் பிள்ளைக்கு இனிஷலே இல்லாமல் புதுப் பெயர் ஒன்று கிடைத்திருந்தது.

கந்தோரில் எழுத்து வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். திரையில் பிழை காட்டும் சிவப்புக் கோடு இல்லையென்றால் சரி என்று எண்ணாதீர்கள். ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் அடித்ததைப் பார்க்கட்டும். பார்ப்பவர் உங்கள்மேல் சந்தேகம் உள்ளவராக இருந்தால் இன்னும் நல்லது.