பிலோமினா அக்கா செய்த தொழில்

பிலோமினா அக்கா இறந்த செய்தி முதலில் வந்தது அவருடைய வீட்டுக்கு அல்ல, கோவிலுக்கும் அல்ல. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் நான் கூட்டித் துடைக்கிற பாருக்குத்தான் வந்தது. இங்கே பார் என்றால் காலையில் கோப்பியும் இனிப்பு ரொட்டியும் சாப்பிடுகிற இடம். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் வேறெதையும் நினைத்துவிட வேண்டாம். ஏழரை மணி இருக்கும். கடைசி மேசையின் கீழ் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி சாரோ தொலைபேசியை எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "உன்னுடைய அக்கா போய்விட்டார்" என்றார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் வேலைத்தலத்தின் தொலைபேசி இலக்கம் கேட்டிருந்த இடத்தில் அக்கா அந்தப் பாரின் இலக்கத்தைத்தான் எழுதியிருந்தார்.

அது பொய்யில்லை. அதுதான் அவருடைய வேலைத்தலம். பிலோமினா அக்கா பாலர்மோவின் பார்களில் வீடியோ போக்கர் என்கிற சூதாட்ட மெஷினில் விளையாடிச் சீவித்தவர். இந்த வசனத்தை இந்த நினைவு மலரில் எழுதக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. எழுதிவிட்டேன்.

சொன்னவர் எங்கள் சங்கத் தலைவர். செத்த வீடு முடிந்த கிழமையே வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, பக்குவமாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, உங்களுக்குத்தான் எழுத வரும். முப்பத்தோராம் நாளுக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. ஆனா அந்த மெஷின் கதை வேண்டாம். வீட்டு வேலை செய்தவ எண்டு போடுங்கோ. பெர்மெஸ்ஸோ விசாக் கடதாசியிலையும் அப்பிடித்தானே கிடக்கு."

"அவ அதாலைதானே சாப்பிட்டவ, அண்ணை?"

"நல்ல மனிசி. செத்தாப் பிறகு ஏன் பெயரைக் கெடுப்பான்?"

தலைவர் கெட்டவர் அல்லர். அந்தப் பக்குவம்தான் எனக்குக் கோபத்தை ஏற்றிவிட்டது. உயிரோடு இருந்தபோது அக்கா ஒளிக்காத ஒன்றை அவர் செத்த பிறகு நாங்கள் ஏன் ஒளிக்க வேண்டும்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அக்காவும் ஸ்தாசியோனேக்குப் பின்னால் ஓர் அறையைப் பங்குபோட்டு இருந்தோம். அவர் மன்னார், நான் யாழ்ப்பாணம். அவர் வேதக்காரர், நான் சைவம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பக்கத்து ஊர் பகேரியாவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு சீமாட்டியின், பழைய பெரிய வீட்டில் வேலை, ரயிலில் போய் வருவார். இரண்டு வருடத்தில் நிலம் துடைக்கிற மருந்து அவருடைய கைகளைத் தின்றுவிட்டது. விரல் மடிப்புகள் வெடித்து, கறிக்கு உப்புப் போடும்போதே கண்ணில் நீர் வரும். வைத்தியர் இனி அந்த மருந்தைத் தொடாதே என்றார். சிஞ்ஞோரா, அப்படியென்றால் இனி வராதே என்றார்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கொப்பளிப்பான் அம்மை வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். என் வேலை போய்விடக்கூடாதென்று, கையுறை இரண்டு சோடி மாட்டிக்கொண்டு அக்கா எனக்குப் பதிலாகப் பாரைக் கூட்டப் போனார். பத்தாம் நாள் திரும்பி வந்து என் கட்டில் விளிம்பில் இருந்தார்.

"மலர், அங்கை நிக்கிற மூண்டு மெஷினிலை நடுவில உள்ளது அஞ்சு நாளாத் திண்டுகொண்டே இருக்கு. நாளைக்கு இல்லாட்டி நாளையிண்டைக்கு அது கக்கும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ ஆறு மாசமாக் கூட்டுறாய். கதிரையடியிலை கிடக்கிற சிகரட் கட்டையளை ஒருநாளாவது பாத்தனியோ?"

நான் எங்கே பார்த்தேன்? கூட்டி அள்ளிக் கொட்டுவதோடு சரி. அக்கா பார்த்திருந்தார். வென்றவன் சிகரட்டைப் பாதியில் நசுக்கிவிட்டு எழும்பிவிடுவான். தோற்றுக்கொண்டிருப்பவன் பஞ்சு வரைக்கும் இழுப்பான், உடனே அடுத்ததைப் பற்றவைப்பான். ஆகவே பஞ்சுவரை இழுத்த கட்டைகளை மட்டும் எண்ண வேண்டும். நாலைந்து நாள் தொடர்ந்து ஒரே மெஷினடியில் அவை குவிந்தால், அது விழுங்கிய மட்டும் விழுங்கிவிட்டது என்று பொருள். அந்த மெஷின்கள் அப்படித்தான் செய்யப்பட்டிருந்தன. பெரும்பகுதியை வைத்துக்கொள்ளும், ஒரு பங்கை எப்போதாவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த எப்போதாவதுக்குத்தான் அக்கா காத்திருந்தார். சொன்னதுபோல நடு மெஷின் இரண்டாம் நாளே கக்கியது.

இதைக் கேட்டு இது சுலபமான சீவியம் என்று யாரும் நினைக்கக்கூடாது. மெஷின் ஐந்து சீட்டுக் காட்டும். எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று நாங்கள் சொல்ல வேண்டும். விட்டதற்குப் பதில் புதுச் சீட்டு வரும். அவ்வளவுதான் ஆட்டம், ஆனால் அதற்குள் ஒரு தலை வேண்டும். அக்காவுக்கு அந்தத் தலை இருந்தது. அவருடைய மூன்று அண்ணன்மாரும் கடலுக்குப் போகாத நாட்களில் முந்நூற்று நாலு என்கிற சீட்டாட்டம் விளையாடுவார்களாம். நாலாவது கை இல்லாமல் ஆட்டம் நடக்காது என்பதால், பொம்பிளைப் பிள்ளை என்றும் பாராமல் எட்டு வயதிலேயே இவரைப் பிடித்து இருத்தியிருக்கிறார்கள். ஒருமுறை என்னையும் மெஷினின் முன்னால் இருத்திப் பார்த்தார். எனக்கு இரண்டு நாலும் ஓர் ஆசும் வந்தன. நான் இரண்டு நாலையும் விட்டுவிட்டு ஆசுச் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏனடி சோடியை விட்டனீ?"

"ஆசு பாக்க நல்லா இருந்தது, அக்கா."

"வடிவுக்குச் சீட்டு வைக்கிறேல்லை, பிள்ளை. நீ போய் நிலத்தைத் துடை."

காலை பத்து மணிக்கு வருவார். ஒரு கோப்பி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கந்தோரில் வேலைக்கு இருப்பவர்போல நிமிர்ந்து இருப்பார். ஒரு மணிக்கு எழும்பிவிடுவார், வென்றாலும் தோற்றாலும். ஆம்பிளைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் பழகிவிட்டது. மூன்று கிழமை தொடர்ந்து தோற்ற காலங்களும் உண்டு. அப்போது சங்கிலி அடகுக்குப் போய்க் கழுத்தில் இராது, முகம் மட்டும் அப்படியே இருக்கும். நல்ல கிழமைகளில் எங்களை பஸ்ஸில் ஏற்றி ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்குக் கூட்டிப்போய் மீன் வாங்கித் தருவார். சாப்பிடும் நேரம் முழுவதும் அந்த மீனைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவர் மூன்று பார்களில் விளையாடினார். மூன்றையும் கூட்டியவர்கள் எங்கள் பெண்கள்தான். அதில் ஒருத்தி நான். என்னைப்போலக் கட்டை எண்ணிச் சொன்ன மற்ற இருவரின் பெயரை அவர்களைக் கேட்காமல் எழுதமாட்டேன். இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நான் வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு அக்காவின் பல்கனியின் கீழ் வந்து நிற்பேன். அப்போது அவர் தனியாக மூன்றாம் மாடிக்கு மாறியிருந்தார். இந்த ஊர் வழக்கப்படி மேலேயிருந்து கயிற்றில் கூடை இறங்கும். அன்றைய கட்டைகளின் எண்ணிக்கையை ஒரு கடதாசித் துண்டில் எழுதிப் போடுவேன். கூடைக்குள் எனக்கென்று ஏதாவது இருக்கும்: சுடச்சுடப் பிட்டு, இரண்டு எலுமிச்சம்பழம், ஒருமுறை என் மகளுக்குத் தைத்த சட்டை.

"என்னடி ஒவ்வொரு நாளும் கடதாசி? வாயாலை சொல்ல வெக்கமோ?" என்று மேலேயிருந்து கத்துவார்.

"மெல்லக் கதையுங்கோ அக்கா, கீழ் வீட்டிலை எங்கட சனம் இருக்கு."

"இருக்கட்டுமே. அவையளும் கேக்கட்டும்."

வெட்கம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து, சைவமோ வேதமோ எங்கள் சனமெல்லாம் கோவில் வாசலில் கூடி நிற்கும்போது, அக்கா நிற்கிற பக்கம் மெல்ல மெல்ல ஆட்கள் குறையும். நானும் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். ஒரு திருநாளுக்கு இதே தலைவர் அதிர்ஷ்டலாபச் சீட்டுப் புத்தகத்தோடு வந்தார். முதல் பரிசு தொலைக்காட்சிப் பெட்டி. அக்கா காசைக் கொடுத்துவிட்டுச் சீட்டைத் திருப்பி நீட்டினார்.

"திருநாளுக்கு நான் தாறன், அண்ணை. சீட்டு வேண்டாம். அதிர்ஷ்டத்தை நம்பி நான் ஒண்டும் செய்யிறேல்லை."

வாசலில் நின்ற அவ்வளவு பேரும் சிரித்தார்கள், தலைவரைத் தவிர.

பெர்மெஸ்ஸோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் இருப்பதற்கான அந்த அனுமதிக் கடதாசிக்கு ஒரு முறையான வேலை வேண்டும். அக்கா கிழமையில் இரண்டு பின்னேரம் வேறொரு சிஞ்ஞோரா வீட்டில் உடுப்பு அயன் பண்ணினார். ஆகவே கடதாசியில் வீட்டு வேலை என்று இருப்பதும் உண்மை. "அது பெர்மெஸ்ஸோவுக்கு, இது சோத்துக்கு" என்பார். கிழமையில் இரண்டு பின்னேரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிசி பாரில் கழித்த ஏழு வருடத்தை அழித்துவிட முடியாது.

மற்றவன் தோற்றதில்தானே அவர் வென்றார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓம், அப்படித்தான். அக்காவே அதை மறுத்ததில்லை. நடு மெஷினில் வழக்கமாக இருந்து தோற்பவர் ஒரு மரக்கறிக் கடைக்காரர். ஒருநாள் முற்பகல் அவருடைய மனைவி தேடி வந்துவிட்டார். கையில் கடைத் திறப்புக் கொத்து, காலில் வீட்டுச் செருப்பு. அக்கா அதே கதிரையில் இருந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்து, "இது உண்மையில் காசு தருமா?" என்று கேட்டார். அக்கா விளையாட்டை நிறுத்திவிட்டு, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னார்: "தருவதைவிட எடுப்பது கூட. நான் ஒரு மணிக்கு எழும்பிவிடுவேன். உங்கள் கணவரால் எழும்ப முடியவில்லை. கூட்டிக்கொண்டு போங்கள், இனி விடாதீர்கள்." சாரோவுக்கு வந்த கோபத்தில் அக்காவை இரண்டு மாதம் பாருக்குள் விடவில்லை.

"உங்கட சோத்திலை நீங்களே மண் போடுறியள்" என்று நான் ஏசினேன்.

"அந்த மனிசி கேட்டவ. நான் தெரிஞ்சதைச் சொன்னனான். வேறை என்ன செய்யச் சொல்றாய்?"

அந்த இரண்டு மாதமும் அக்காவின் கழுத்தில் சங்கிலி இல்லை. அந்த மெஷின்களை வைத்துப் பிழைத்தவர் சாரோ. அவர் தந்த கூலியில் சாப்பிட்டவள் நான். அவர் தந்த நன்கொடையில் எங்கள் திருநாளும் நடந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் மரியாதையான ஆட்கள். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னவர் மட்டும்தான் சூதாடி.

போன மாரியில் அக்காவின் இருதயம் களைக்கத் தொடங்கியது. மூன்று மாடி ஏற முடியவில்லை, பிறகு அறைக்குள் நடக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நான் கடைசியாகப் பார்த்த பின்னேரம் கட்டிலைச் சுற்றி எங்கள் ஆட்கள் நின்றார்கள். தலைவரின் மனைவி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"மலர், இண்டைக்கு எத்தினை?"

நான் குனிந்து காதுக்குள் சொல்லப் போனேன்.

"காதுக்குள்ளை வேண்டாம். சத்தமாச் சொல்லன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "பிறகு சொல்றன், அக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாள் காலையில்தான் பாருக்கு அந்தத் தொலைபேசி வந்தது. அந்தப் "பிறகு" முப்பது நாளாகியும் வரவில்லை. அக்காவைச் செத்த பிறகும் ஒளித்து வைக்கச் சொல்லித் தலைவர் வந்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்ததுதான்.

ஆகவே தலைவர் அண்ணைக்கு: இந்தப் பக்கத்தில் ஒரு சொல்லையும் மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன். மலரில் இடமில்லை என்றால் நானே போட்டோப் பிரதி எடுத்துக் கோவில் வாசலில் நின்று கொடுப்பேன், இந்த முறை இரண்டடி தள்ளி நில்லாமல். வீட்டு வேலை என்று போட்டால் பார்க்க நல்லாகத்தான் இருக்கும். வடிவுக்குச் சீட்டு வைத்ததற்கு ஒருமுறை ஏச்சு வாங்கியது போதும்.

இன்று காலை பாரைக் கூட்டும்போது கை தன்பாட்டில் எண்ணியது. பழக்கத்தில் கடதாசித் துண்டில் எழுதிப் பையிலும் வைத்துவிட்டேன். எட்டு மணிக்கு அக்காவின் பல்கனியின் கீழ் போய் நின்றேன். கூடை மேலே, கம்பியோடு சேர்த்துக் கட்டிக் கிடந்தது. கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கடதாசியை எடுக்கவில்லை. மூன்றாம் மாடியைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"அக்கா! நடு மெஷின்! பஞ்சுக்கட்டை பதினேழு! போயிட்டு வாங்கோ, அக்கா!"

சிவமலர்
தொழில்: பார் கூட்டுதல், பிலோமினா அக்காவுக்குக் கட்டை எண்ணிக் கொடுத்தது