மூன்றாம் தூணின் கிணறு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களே, பெரியண்ணனோடு கடலுக்குப் போனவர்களே, அவர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவர் போனதைப் பற்றி ஊரில் ஒரு விதமாகப் பேசுகிறார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

பெரியண்ணன் மணப்பாட்டில் பிறந்தவர். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, சங்கு குளித்து அம்மாவையும் சின்னண்ணனையும் என்னையும் காப்பாற்றினார். எங்களுக்குச் சோறு வைத்த பிறகுதான் தன் தட்டை எடுப்பார். யார் வலை கிழிந்தாலும் போய் உட்கார்ந்து முடிந்துகொடுப்பார். என்னைக் கட்டிக்கொடுத்த நாள் முதல் என் வீட்டுக்காரர்தான் அவருக்குக் கயிறு பிடித்தார். முங்கிக் குளிக்கிறவர் இடுப்பில் கட்டிய கயிற்றை மச்சான்தான் மேலே நின்று பிடிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். கை தவறினால் பெண்டாட்டி முகத்திலோ தங்கச்சி முகத்திலோ முழிக்க முடியாது அல்லவா.

உலகச் சண்டைக்காலத்தில் தாமிரபரணியின் குறுக்கே ரோட்டுப் பாலம் கட்டினார்கள். இரும்பு கிடைக்காததால் கல் வளைவுகளாகக் கட்டத் திட்டம். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் செங்கல்லால் வட்டமாகக் கிணறு கட்டுவார்கள். உள்ளே மண்ணை அள்ள அள்ள, அது தன் பாரத்தில் பாறைவரை இறங்கும். மூன்றாம் தூணின் கிணறு பாதியில் சாய்ந்துவிட்டது. அதன் ஒரு பக்க விளிம்புக்கு அடியில் பழைய மருதமரம் ஒன்று சிக்கியிருந்தது.

"ஒரு தூண் சாஞ்சாலும் வளைவு நிக்காது. ஐப்பசி வெள்ளம் வாரதுக்குள்ள நிமித்தணும்" என்று இஞ்சினியர் ஐயா மணலில் கோடு போட்டுக் காட்டினார். கிணறு முழுக்கத் தண்ணீர். முங்கி, மரத்தை இழுத்தெடுக்கச் சங்கிலி மாட்ட ஆள் தேடித்தான் எங்களிடம் வந்தார்கள்.

மேஸ்திரி, "கயித்த எங்க ஆளு பிடிப்பாம்லா" என்றார்.

"அண்ணாச்சி, அப்பம்னா உங்க தங்கச்சிய நான் கெட்டணும். வீட்ல கேட்டுட்டு வாங்க" என்றார் பெரியண்ணன். மேஸ்திரியே சிரித்துவிட்டார்.

அன்று மேற்கே வானம் கறுத்திருந்தது. ஆறு கலங்கத் தொடங்கியது. பெரியண்ணன் முதலில் இறங்கி மரத்தைத் தடவிப் பார்த்து வந்தார். அடுத்து சங்கிலியை மாட்டினார். கொக்கி சரியாக விழுந்ததா என்று பார்க்க மறுபடியும் இறங்கினார். அப்போது கிணறு அசைந்தது. வெளி மணல் அடியில் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

கயிறு வெடுக்கென்று இழுபட்டது. என் வீட்டுக்காரர் இழுத்தார். வரவில்லை. உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தார். அப்போதும் வரவில்லை.

"ஐயா, பிடிங்க! விட்டுராதிய!"

கயிற்றை இஞ்சினியர் ஐயா கையில் திணித்துவிட்டு உள்ளே குதித்தார். அந்தக் கிணற்றுக்குள் என் அண்ணன், என் புருஷன். மாதாவே என்று கத்தினேன். கொத்தனார்களும் ஓடிவந்து கயிற்றில் கைகொடுத்தார்கள். இடுப்புவரை புதைந்திருந்த பெரியண்ணனை, கையாலேயே மணலைத் தோண்டி மீட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் மேலே வந்தார்.

பெரியண்ணன் கண் திறந்தார்.

"மச்சான், நீரும் நனஞ்சிட்டீரா? அப்பம் கயிறு யாருட்ட?"

"இஞ்சினியர் ஐயாட்ட."

"செரி. இனி அவரும் நமக்கு மச்சாந்தான்."

அதுதான் கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினோம். வழியிலேயே உயிர் போய்விட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கூட்டத்தில் யாரோ அம்மாவிடம், "ஒம் மருமவன் கயித்த அடுத்தவன் கையில குடுத்துட்டாரு" என்று மட்டும் சொன்னார்கள்; அவர் உள்ளே குதித்ததைச் சொல்லவில்லை. அதன்பின் என் வீட்டுக்காரர் அந்த வாசலை மிதிக்க அம்மா விடவில்லை. நான் எடுத்துச் சொன்னாலும் அம்மா, "புருஷனுக்காகப் பேசுத, போளா" என்பார்கள்.

போன வாரம் இஞ்சினியர் ஐயா வீடு தேடி வந்தார். தூண் நிமிர்ந்து நிற்கிறது, வளைவும் ஏறிவிட்டது என்றார். அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சையும் சொன்னார். அம்மா வாய்விட்டு அழுதார்கள்.

அவருக்கும், கயிற்றில் அவரோடு கைகொடுத்த கொத்தனார்களுக்கும், கடைசிவரை கூடவந்த மேஸ்திரிக்கும், கோயிலில் பூசை வைத்த பங்குச் சாமியாருக்கும், அழும்போது எங்களோடு இருந்த எல்லாருக்கும் கைகூப்புகிறோம்.

சின்னண்ணன் இந்த ஆண்டு முதல் தடவையாகச் சங்கு குளிக்கப் போகிறார். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்பு அம்மா என் வீட்டுக்காரரை வரச் சொன்னார்கள். வாசலிலேயே நின்றவரை உள்ளே கூப்பிட்டு, பெரியண்ணனின் கயிற்றை எடுத்து, தழும்பு விழுந்த அந்தக் கையில் வைத்தார்கள்.

"சின்னவனுக்கும் நீங்கதான் பிடிக்கணும், மாப்ள."