டிக் சத்தத்துக்கு வராத சுந்தரி

பூனைகளுக்குப் பயிற்சி கொடுக்க வீடு வீடாகப் போகிறவள் நான் என்றால் முதலில் சிரிப்பார்கள், அடுத்து, "உங்க பூனை நீங்க கூப்பிட்டா வருமா?" என்பார்கள். பூனை வளர்த்து அவதிப்படும் உங்களிடம் மறைப்பானேன்? வராது. கையடக்கமான கிளிக்கர்தான் என் ஆயுதம். பூனை சொன்னதைச் செய்த அதே நொடியில் 'டிக்' என்று அழுத்தி, ஒரு துணுக்குத் தீனி கொடுக்க வேண்டும். ஊர்ப் பூனைகள் நாலே நாளில் படிந்துவிடும். என் சுந்தரி மட்டும் தீனியைத் தின்றுவிட்டு முதுகைக் காட்டுவாள். அதனால் அடுத்தவர் மடியில் பூனையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

வெண்ணெய்ப் பாடம்

மயிலாப்பூரில் ஒரு மாமி வீடு. நான் கொண்டுபோன நெத்திலிக் கருவாடு வாசலோடு நின்றுவிட்டது. "அதெல்லாம் ஆத்துக்குள்ள வரப்படாது" என்றார் மாமி. சரி என்று விரல் நுனியில் வெண்ணெயைத் தொட்டு ஆரம்பித்தேன். அது உருகி முழங்கை வரை வழிந்தது. பூனை உட்கார்ந்தது, டிக், நக்கியது. எனக்கு ஒரே பெருமை. அந்த நேரம் பார்த்து மாமி சமையலறையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட, மீதி வெண்ணெயை விட்டுவிட்டுப் பூனை ஓடிப்போய் அவர் காலைச் சுற்றியது. மாமி என் கையைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வாயைத் திறந்து கூப்பிட்டா போறாதோ? எதுக்கு இப்படி பட்டனை அமுக்கிண்டு கஷ்டப்படறேள்?"

ரகசிய வகுப்பு

தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, மனைவி கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்து என்னை வரச்சொன்னார். பூனை அந்த அம்மாவிடமே ஒட்டிக்கிடக்கிறதாம்; தன் பக்கம் திருப்ப வேண்டுமாம். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பையே அவரும் செய்தார்: கிளிக்கரை, பூனையைக் கூப்பிடும் மணி என்று நினைத்து, டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்தார். பூனை பீரோ மேல் ஏறிவிட்டது. மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இறங்கி அந்த அம்மாவிடம் ஓடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சியின் அந்த ஏமாந்த முகத்தை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

"மீன் வாங்கிட்டு வாறது நானு, அது போயி அவ மடியில படுக்கு. எனக்கு என்னம்மா குறைச்சல்?"

மீன்கார அக்கா

திருவான்மியூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் குரல் கேட்டால் போதும், சுந்தரி படியிறங்கிப் பறப்பாள். பொறுக்க முடியாமல், "இனிமே எங்க வாசல்ல கூடைய இறக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

நாலாம் நாள் சுந்தரியைக் காணோம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கிளிக்கரை அழுத்திக்கொண்டே தெருத்தெருவாக அலைந்தேன். அண்ணாச்சி செய்த அதே தப்பு. நாய்கள்தான் வந்தன. கடைசியில் வெட்கத்தை விட்டு அந்த அக்காவிடமே போய் அழுதேன். அவர் மறுபேச்சில்லாமல் கூடையோடு வந்து, தெருமுனையில் நின்று, "சுந்திரீ, வாடீ!" என்று ஒரு குரல் கொடுத்தார். பாதி கட்டிய வீட்டின் மாடியிலிருந்து இறங்கி வந்தாள் சுந்தரி, நேராக அவரிடம். எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டேன்.

"நானு இன்னாத்த பழக்குனேன்? மீன் தலை இருந்தா போடுவேன், இல்லாங்காட்டி தடவிக்குடுப்பேன். நீதான் கண்ணு, தெனம் அதுக்குப் பரீட்சை வெச்சிக்கினு கீறே."

ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் பொறுமை சொல்லிக்கொடுக்கிற நான், அந்த அக்கா வரும் நேரத்தில் இன்றைக்கும் சுந்தரி காதில் குரல் விழாதபடி ஜன்னலைச் சாத்திவிட்டு, கேட்டால் கொசுத் தொல்லை என்கிறேன்.