டும் விழாத கை

சித்தப்பாவுக்குப் பகலில் ரோடு உடைக்கும் வேலை. பிரேக்கர் மெஷினை இறுக்கிப் பிடிக்காவிட்டால் அது காலைப் பதம் பார்த்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு நடன ஹாலில் கிட்டார் வாசிப்பார். அங்கே தந்தியைத் தட்டும் சின்னத் தகடான பிக்கை இறுக்கிப் பிடித்தால் பாட்டு போச்சு. ஒரே கைக்கு இரண்டு முதலாளிகள். அது யார் பேச்சைத்தான் கேட்கும்?

தடித்த தந்தியில் ஒரு தட்டு, மெல்லிய தந்திகளில் கீழும் மேலுமாக ஒரு வீச்சு. டும்-சக்க, டும்-சக்க. அடுத்த டும்முக்கு வேறொரு தடித்த தந்தி. ஆடுகிறவர்களின் கால் அதை நம்பித்தான் தரையில் விழும். வேகம் ஏறும்போது முழங்கை சும்மா கிடக்க, மணிக்கட்டு மட்டும் ஈரக் கையை உதறுவதுபோல் உதற வேண்டும். இந்த வருஷம் உதறவில்லை. மெஷின் அதிர்ந்து அதிர்ந்து விரல் மரத்துவிட்டது. பிக் கையில் இருக்கிறதா என்றே தெரியாமல் மேலும் இறுக்குவார். டும் தப்பான தந்தியில் விழும்.

பிக்கைப் பசை போட்டுக் கட்டைவிரலில் ஒட்டிக்கூடப் பார்த்தார்.

“சித்தப்பா, நகம் ரொம்ப வளந்துடுச்சே, வெட்டி விடவா?”

“போடா குரங்கே” என்று சிரித்தார். உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

பேண்ட் மாஸ்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: “வேகப்பாட்டுல ஜனங்க தடுமாறுறாங்கண்ணே. இந்த சனிக்கிழமை பாத்துட்டு முடிவு பண்ணுவோம்.”

“அதுவும் போச்சுன்னா நான் வெறும் ரோடு உடைக்கிறவன்டா” என்றார் சித்தப்பா என்னிடம்.

அந்தச் சனிக்கிழமை நானும் சித்தியும் போனோம். நான் மேடை ஓரமாக நின்றேன். வேகப்பாட்டு தொடங்கியதும் டும் தப்பியது. மாஸ்டர் ஷூ கயிறு கட்டுகிறவர்போல் குனிந்து, ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து சித்தப்பாவின் கிட்டார் வயரைப் பிடுங்கினார். கீபோர்டுக்காரன் ஒரு பட்டனைத் தட்டினான். கீபோர்டில் பதிந்து வைத்த டும்-சக்க பெட்டியில் தானாக ஓடியது. சித்தப்பா வயரைப் பார்த்தார். நிறுத்தவில்லை. பிக் அப்போதும் தப்பான தந்தியில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஒருவர் காலும் தடுமாறவில்லை.

முடிந்ததும் மாஸ்டர் தோளைத் தட்டினார். “நீங்க பாட்டுக்கு நில்லுங்கண்ணே, மேடைக்கு ஆள் வேணும்ல. வயரு மட்டும் வேணாம்.”

“சரிப்பா.”

வீட்டுக்கு நடக்கையில் சித்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “இன்னைக்கு ஒரு எடத்துலகூட தப்பலியேங்க!”

அவர் கிட்டாரை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“நகம் வெட்டினோம்ல சித்தி” என்றேன் நான்.

அடுத்த வாரம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிட்டாரோடு இறங்கினார். சித்தி பின்னாலேயே ஓடினாள். “வயர மறந்துட்டுப் போறீங்க பாருங்க!”

வாங்கி, ஒழுங்காகச் சுருட்டி, பையில் வைத்துக்கொண்டார்.