அண்ணனின் டிரெய்லரில் ஒரு பகல்

காலை 6.15. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நடந்தே போய், கிள்ளான் செல்லும் கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன். என் அண்ணன் கணேசனின் வீடு காப்பாரில். எங்களுக்கு இடையில் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் தீபாவளிக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. கொண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எப்போது அழைத்தாலும் "ரோட்டுல இருக்கேன் பாப்பா" என்பார். சரி, ரோட்டுக்கே போய்ப் பார்த்துவிடுவோம் என்று வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டேன்.

அவருடைய முதலாளியிடம் இருப்பது இரண்டே டிரெய்லர்கள். "தங்கச்சிதானே, ஏத்திக்க. போர்ட்டுக்குள்ள மட்டும் வேணாம்" என்று அனுமதி தந்தாராம்.

காலை 8.10. கிள்ளான் நிலையத்திலிருந்து கிராப் வாடகைக் கார் பிடித்து, வடதுறைமுகத்துக்கு முன்னால் இருக்கும் ஒட்டுக்கடையில் இறங்கினேன். அண்ணன் காத்திருந்தார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. இரண்டு ரொட்டி சானாய் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"இன்னிக்கு சாயங்காலம் மெடிக்கல். பசியாறுனா சீனி ஏறிடும் லா."

கனரக வண்டிக்கு லைசன்ஸ் இருந்தால் மட்டும் போதாது, சரக்கு ஏற்ற ஜிடிஎல் என்று தனி அனுமதி வேண்டும். அதைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து அவசியம். சனிக்கிழமை அண்ணனுடையது முடிகிறது. வருடமெல்லாம் கண்டதைத் தின்றுவிட்டு ஒரு பகல் பட்டினியில் டாக்டரை ஏமாற்றிவிடலாம் என்று ஐம்பத்திரண்டு வயது மனிதர் நம்பினார்.

என்னைக் கடையில் விட்டுவிட்டு 8.40க்கு உள்ளே போனவர், வெளியே வந்தபோது மணி 11.50. வரிசை அப்படி. "ஓடுற டிரிப்புக்குத்தான் காசு பாப்பா. நிக்கிறதுக்கு யாரு குடுப்பா?" என்றபடி கையைக் கொடுத்து என்னை மேலே ஏற்றினார்.

ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கார்களின் கூரைகள்தான் தெரிகின்றன. தண்ணீர் போத்தலை நீட்டினேன். உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"குடிச்சா ஒண்ணுக்கு நிறுத்தணும். நாப்பதடி பொட்டிய வச்சிக்கிட்டு எங்க நிறுத்துறது?"

பிறகு தானாகவே சொன்னார்: "உங்கண்ணி வீட்டுக்கு பெயின்ட் அடிச்சிருக்கா. பகல்ல எப்படி இருக்குன்னு நான் இன்னும் பாக்கல." பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவரைத் தேடியது மனம்.

சரக்கை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியோடு திரும்பி, வண்டியை யார்டில் விட்டோம். அவருடைய மோட்டார் சைக்கிளில் காப்பார் சாலைக் கிளினிக்கை அடைந்தபோது மாலை 5.20.

சீனி அளவாகத்தான் இருந்தது. இரத்த அழுத்தம் 170க்கு மேல். கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார் டாக்டர், இளம் பெண். இறங்கவில்லை.

"நேத்து எத்தன மணி நேரம் தூங்குனீங்க அங்கிள்?"

"லோரியிலயா, வீட்டுலயா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "மருந்து தரேன். ரெண்டு ராத்திரி வீட்டுல படுத்துத் தூங்குங்க. அதுவரைக்கும் வண்டி எடுக்க வேணாம். வியாழக்கிழமை வாங்க, இறங்கியிருந்தா கையெழுத்து போடறேன்." அதையே ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். அண்ணனின் முகம் செத்துப்போனது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

மாலை 6.40. வாசலில் எங்களைக் கண்டதும் அண்ணி கேட்ட முதல் கேள்வி, "லோரி கெட்டுப்போச்சா?"

நான்தான் விவரம் சொன்னேன். அண்ணன் சோபாவில் சாய்ந்தவர், காலணியைக் கழற்றாமலே தூங்கிப்போனார். அண்ணி குனிந்து அதைக் கழற்றினார். பிறகு சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு நாள்தான் எழுதியிருக்காங்களா?"

அண்ணனை எழுப்ப மனமில்லாமல் கிராப் பிடித்து நிலையத்துக்கு வந்தேன். ரயிலில் உட்கார்ந்து, அவருக்குக் கையெழுத்து கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான். ஷா ஆலாம் தாண்டும்வரை அதையேதான் வேண்டினேன். அதற்குப் பிறகு, கிடைக்காமல் போனால்தான் என்ன என்று ஒருமுறை நினைத்தேன். இதை அண்ணியிடம் சொல்ல மாட்டேன். அண்ணியும் இதை என்னிடம் சொல்ல மாட்டார்.