கரையாத கட்டியும் நான் கேட்ட தேதியும்

ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் எங்கள் சபையில் அன்று திருவிருந்து. வரிசையில் முழங்காலிட்டிருந்தேன். அப்பத் தட்டு என்னைத் தாண்டிப் பக்கத்து அக்காவிடம் போனது. அந்த நொடியில்தான் உறைத்தது: என் வயிற்றில் இருப்பது என்னவென்று நானே போய்ப் பார்க்க வேண்டும்.

எனக்கு இருபத்தெட்டு வயது. திருமணமாகவில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியை. ஒரு வருடமாக மாதவிடாய் பத்து, பன்னிரண்டு நாள் நீடித்தது. வயிறு கர்ப்பம்போல் உப்பியது. வெட்கத்தில், ஜெபச் சீட்டில் பெயர் போடாமல் "வயிற்றுக்காக" என்று மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டேன். என் கையெழுத்து யாருக்குத் தெரியாது? பாடகர் குழு அக்கா சபை வாசலிலேயே கேட்டார், "என்னா டீச்சர், சன்டே ஸ்கூலுக்குப் புதுப் பிள்ளை வருதாலா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கர்ப்பம் என்றே முடிவுகட்டி என் வகுப்பைப் பறித்துக்கொண்டார்கள்; அப்பத் தட்டு தாண்டிப் போனதும் அதனால்தான். அம்மாவும் சோற்றுத் தட்டை ஓங்கி வைத்துக் கேட்டாள், "யாருடி அவன்?"

நான் உபவாசம் இருந்தேன். ரத்தமே இல்லாத உடம்பில் உபவாசம்! குளியலறையில் மயங்கி விழுந்தேன்.

திருவிருந்துக்கு மறுநாளே ஈப்போவில் ஸ்கேன் எடுத்தேன். குழந்தை இல்லை, கர்ப்பப்பைச் சுவரில் மாங்காய் அளவு நார்க்கட்டி. "வயித்தைத் திறந்துதான் எடுக்கணும். ரத்தம் நிக்கலன்னா கர்ப்பப்பையும் போகலாம்," என்றார் டாக்டர். அம்மா அங்கேயே உடைந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் அவளுக்கும் இப்படித்தான் நாள் கணக்கில் ரத்தம் போனதாம். பெண்ணென்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டாளாம்.

நான் விடவில்லை. தேடித் தேடிப் படித்தேன். வேறொரு பெண் டாக்டரிடம் கேட்டேன், "ரத்தக்குழாயை அடைச்சுக் கட்டியைச் சுருங்க வைக்கிறாங்களாமே?"

"இருக்கு. ஆனா நீ பிள்ளை பெத்துக்க ஆசைப்படுறே, அதனால உனக்கு அதை முதல்ல சொல்லமாட்டேன். சின்னத் துளை போட்டுக் கட்டியை மட்டும் எடுக்கலாம். காத்திருக்கணும், வரிசை நீளம்."

அன்று ஜெபித்தேன்: ஆண்டவரே, அதிசயம் வேண்டாம். ஒரு தேதி கொடும்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ தங்கள் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார்களாம், அடுத்த வாரமே வரலாமாம். நான்கு சிறு துளைகள். கண் விழித்தபோது அம்மா என் காதில், "கர்ப்பப்பை இருக்குடி," என்று சொல்லி அழுதாள். "ஸ்தோத்திரம்," என்றேன்.

பிறகு பாஸ்டர் வந்தார். "சாட்சி சொல்லும்மா. கட்டி ஜெபத்துல கரைஞ்சிச்சின்னு சொன்னாப் போதும். கர்ப்பப்பை அது இதுன்னு மைக்ல வேணாம்லா."

"கரையல பாஸ்டர். துளை போட்டு எடுத்தாங்க. அதுக்குத்தான் ஜெபிச்சேன்."

வரும் ஞாயிறு மைக்கில் முழுசாகச் சொல்லப் போகிறேன். மறுநாள் காலை என் காரில் நான்கு இடம் இருக்கிறது. சகோதரிகளே, ரத்தத் துணி மாற்றி மாற்றி ஒளித்தது போதும். ஸ்கேனுக்கு ஏறிக்கொள்ளுங்கள். வழியில் ஜெபிப்போம்.